பென்டியம் ஜி3258: இரண்டு கோரை எதுவரை ஓவர்கிளாக் செய்யலாம்?

எல்ஜிஏ1150 சாக்கெட் (பிராசஸர் பொருந்தும் இடம்) உள்ள மதர்போர்டு கையில் இருக்கிறது, ஜி3258 வாங்கி ஓவர்கிளாக் செய்யலாமா, அதாவது குறித்த வேகத்துக்கு மேல் கூட்டலாமா என்பது கேள்வி. இசட்97 சிப்செட் உள்ள போர்டு என்றால் தாராளமாகக் கூட்டலாம். 2014-இல் இன்டெல் வெளியிட்ட இந்த 3.2 கிகாஹெர்ட்ஸ் பிராசஸரில் மல்டிபிளையருக்கு (அடிப்படை வேகமான 100 மெகாஹெர்ட்ஸை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) பூட்டு கிடையாது. அதே காலத்து ஐ3-களில் ஹைப்பர்திரெடிங் (ஒரே கோர் இரண்டு திரெட்களை, அதாவது வேலைத் தொடர்களை, சேர்த்து ஓட்டுவது) உண்டு, மல்டிபிளையரை ஏற்ற முடியாது.

பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) முதலில் மெமரியின் எக்ஸ்எம்பியை, அதாவது ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பை, அணையுங்கள். கோளாறு வந்தால் ரேமா பிராசஸரா என்று குழம்ப வேண்டாம். மல்டிபிளையரை 32-லிருந்து 40-க்கு ஏற்றி, கோர் வோல்டேஜை 1.2 வோல்ட்டில் நிறுத்துங்கள். ஆட்டோவில் விடவே கூடாது, பல போர்டுகள் தேவைக்கு மேல் ஏற்றிவிடும். கேஷ் ரேஷியோவை (சிப்புக்குள் இருக்கும் கேஷ் மெமரியின் வேக மடங்கு) தொட வேண்டாம், பலன் சொற்பம்.

ஒரு மணி நேரம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் (பிராசஸருக்கு முழுச் சுமை கொடுக்கும் சோதனை) ஓட்டுங்கள். நீலத்திரை வந்தால் 0.02 வோல்ட் கூட்டுங்கள். நிலையாக ஓடினால் மல்டிபிளையரை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். 1.3 வோல்ட், 85 டிகிரி: இவற்றைத் தாண்டாதீர்கள். ஜி3258 சேர்ந்த ஹாஸ்வெல் தலைமுறையில் வோல்டேஜ் ரெகுலேட்டரும் சிப்புக்குள்ளேயே இருப்பதால் சூடு சட்டென்று ஏறும். கூடவே வரும் கூலர் இதற்குப் போதாது, டவர் கூலர் போடுங்கள்.

ஆனால் எத்தனை கிகாஹெர்ட்ஸ் ஏற்றினாலும் திரெட் இரண்டுதான். ஃபார் க்ரை 4 வெளிவந்த புதிதில் இதில் ஓடவே மறுத்தது. புதிய கேம்கள்தான் நோக்கம் என்றால், அதே போர்டில் செகண்ட் ஹேண்ட் ஐ5-4590 போடுவதே சரி.