என்வலப்பில் போகிற காசும் வளவில் நிற்கிற முருங்கையும்

கேள்வி: ஐயா, நான் தர்மபுரம் பக்கத்தில் முன்பள்ளி ஆசிரியை. வீட்டுக்காரருக்குக் கூலி வேலை. இரண்டு பேரின் உழைப்பும் சேர்ந்தால் மாதம் 55,000 ரூபா வரும். போன மூன்று மாதத்தில் ஏழு வீட்டு விசேஷம். 19,000 ரூபா என்வலப்பில் போய்விட்டது. அதில் 10,000 கிழமைக் கடன் எடுத்துக் கொடுத்தது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து போகிற சனத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட 5,000 தருகிறேன் என்றும் வாய்விட்டுவிட்டேன். வருகிற கிழமை பக்கத்து வீட்டில் சாமத்திய வீடு, பிள்ளை பெரியபிள்ளையான விசேஷம். மீளக் குடியேறின நேரம் எங்களைத் தாங்கினது இந்தச் சனம்தான். கொடுக்காமல் இருக்க மனம் வரவில்லை. என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, 19,000ஐ மூன்றாகப் பிரித்தால் மாதம் 6,300 சொச்சம். உங்கள் வருமானத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. அதிலும் பாதிக்கு மேல் கடன் காசு. அந்த 10,000 ரூபாவுக்கு வட்டி கட்டி முடிக்கும்வரை நீங்கள் கொடுத்துக்கொண்டிருப்பது விசேஷ வீட்டுக்கா, கடன்காரருக்கா?

உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குப் பெரிய யோக்கியதை இல்லை. மச்சாளின் கலியாணத்துக்கு மனைவியின் காப்பை அடகு வைத்துத் தடிப்பமான என்வலப் கொடுத்தவன் நான். காப்பு வீட்டுக்குத் திரும்ப இரண்டு வருடம் எடுத்தது. மச்சாளுக்கு இப்போது அந்த என்வலப் ஞாபகமே இல்லை. முதல் நாள் இரவு விடிய விடிய இருந்து தேங்காய் துருவினவர்களின் பெயரை மட்டும் ஒன்று விடாமல் சொல்வாள்.

முதலில் கடன். கடன் கொப்பியை எடுத்துக்கொண்டு போய், இன்றைக்கே முழுதாக முடித்தால் எவ்வளவு என்று கேளுங்கள். கூடப்பிறந்தவர்களிடம் கைமாற்று வாங்கியாவது அதை முடியுங்கள். அதுவரை விசேஷத்துக்கென்று புதிதாக ஒரு சதமும் கடன் வேண்டாம்.

அப்புறம், உங்கள் வீட்டு விசேஷத்துக்கு யார் யார் எவ்வளவு தந்தார்கள் என்று எழுதின கொப்பி அலுமாரியில் எங்கேயோ கிடக்கும். தேடி எடுங்கள். அதில் பெயர் உள்ளவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பது ஒருவகையில் வட்டியில்லாக் கடனைத் தீர்ப்பது. பெயர் இல்லாத வீட்டுக்கு அந்தக் கடமை இல்லை. போய் நின்று, சாப்பிட்டு, பிள்ளைக்கு அறுகரிசி போட்டு வாழ்த்தலாம். ஒரு சிக்கல் இருக்கிறது: அவர்கள் முன்பு தந்த 1,000 இன்றைய 1,000 இல்லை. 2022 செப்டெம்பரில் மட்டும் கொழும்பு விலைச் சுட்டெண் முந்தைய வருடத்தைவிட ஏறத்தாழ 70 வீதம் ஏறி நின்றது. அந்த இடைவெளியைக் காசால் நிரப்பப் போனால் மூச்சு முட்டும். கையாலும் வளவாலும் நிரப்புங்கள்.

வளவில் முருங்கை நிற்கிறதா? ஐப்பசி மழை தொடங்க, கைத்தடிப்பம் உள்ள கொப்பாகப் பார்த்து மூன்று நாலு முழத்துக்கு வெட்டி, புதிதாக வேலி அடைக்கிற வீட்டுக்குக் கதியாலாகக் கொடுங்கள். உங்களுக்குச் செலவு ஒரு கத்தி வெட்டு. அவர்களுக்கு அடுத்த மாரிக்கு முன்னமே இலைக்கறி. நாட்டுக்கோழி இருந்தால் அடைக்குப் பத்து முட்டை கொடுக்கலாம். இருபத்தொரு நாளில் அங்கே குஞ்சு.

காலபோக அறுவடை அரிசி வீட்டில் இருக்கும்போது பிடியரிசியை மறக்க வேண்டாம். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது அம்மாமார் செய்ததுதான். என் கைப்பிடியை நிறுத்துப் பார்த்தேன், 50 கிராம். நாளுக்கு ஒரு பிடி என்றால் மாதம் ஒன்றரைக் கிலோ. ஐந்து வீடு சேர்ந்தால் ஏழரைக் கிலோ. தனித்திருக்கிற ஒரு கிழவிக்கு அது போதும். அதைக் கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள், தயவுசெய்து.

உங்களிடம் உள்ள பெரிய முதல் உங்கள் பேனா. 2023இல் அஸ்வெசும என்கிற அரசாங்க உதவிப்பணம் தொடங்கின நாளிலிருந்து படிவம், மேன்முறையீடு என்று எத்தனை பேர் அலைகிறார்கள்! சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் முன்பள்ளி வாங்கில் இருந்து நாலு பேருக்கு எழுதிக் கொடுங்கள். படிவம் பிழையாகித் திரும்பி வந்தால் அந்தச் சனத்துக்குப் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் நட்டம். அதை மிச்சம்பிடித்துக் கொடுப்பதும் காசு கொடுத்த மாதிரித்தான். பாடப்புத்தகம் அரசாங்கம் தருகிறது, கொப்பி தருவதில்லை. பழைய கொப்பிகளில் எழுதாத தாள்களைச் சேர்த்துத் தைத்தால் பிள்ளைகளுக்குக் கணக்குச் செய்யக் காணும். உங்கள் வீட்டுக்காரருக்கு உடம்பு சுகமாக இருந்தால் நாலு மாதத்துக்கு ஒரு தடவை இரத்தம் கொடுக்கட்டும். அதற்கும் காசு இல்லை.

பந்தலுக்குச் சொன்ன 5,000ஐ நாளைக்கே போய்க் குறைத்துச் சொல்லுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும், ஐந்து நிமிசம். "அண்ணை, 1,000 தாறன், பின்னேரம் முழுக்க நின்று மோர் கரைச்சு ஊத்துறன்" என்றால் போதும். பந்தலில் காசைவிடக் கைதான் எப்போதும் தட்டுப்பாடு. வற்றாப்பளை, உப்புநீரில் விளக்கெரிகிறது என்று சனம் சொல்கிற கோயில். அம்மன் என்வலப்பைத் தடவிப் பார்க்க மாட்டா.

பக்கத்து வீட்டுச் சாமத்தியத்துக்கு, கொப்பியில் அவர்கள் பெயர் இருந்தால் அந்தத் தொகை, இல்லாவிட்டால் 500. ஆனால் இரண்டு நாள் முந்தியே பின்னேரம் போய்விடுங்கள். பயற்றம் பணியாரத்துக்குப் பயறு வறுக்க அடுப்படியில் ஆள் தேவைப்படும். பொறுமையாக வறுக்க வேண்டும், அவசரப்பட்டால் கருகிவிடும்.