கப்பலில் கடித்த மூட்டைப்பூச்சிக்குக் காரைக்குடியில் கணக்குக் கேட்கலாமா?

கேள்வி: அப்பச்சிக்கு அறுபதாம் சாந்தி முடிந்ததும், பிள்ளைகள் நாங்கள் சேர்ந்து அவரையும் ஆத்தாவையும் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் செல்லும் சொகுசுக் கப்பலில் அழைத்துச் சென்றோம். ஆறு பேருக்கு விமானக் கட்டணம் சேர்த்து ஒன்பது லட்சத்துச் சொச்சம். காரைக்குடி டிராவல்ஸ் ஒன்றில் மொத்தமாகப் பணம் கட்டினோம். முதல் இரவே ஆத்தாவின் கழுத்திலும் கையிலும் வரிசையாகத் தடிப்பு. மெத்தையின் ஓரத் தையலைத் தூக்கிப் பார்த்தால் மூட்டைப்பூச்சி! உடனே வரவேற்பு மேசையில் சொன்னோம். விரிப்பை மட்டும் மாற்றினார்கள். மூன்றாம் நாள்தான் வேறு கேபின் கிடைத்தது. பால்கனிக்குப் பணம் வாங்கிவிட்டு ஜன்னல்கூட இல்லாத உள் கேபினைக் கொடுத்தார்கள். இறங்கும்போது, அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு தள்ளுபடிச் சீட்டை நீட்டினார்கள். டிராவல்ஸ்காரர், "நாங்கள் வெறும் இடையாள், பூச்சி உங்கள் பெட்டியிலேயே வந்திருக்கலாம்" என்கிறார். கப்பல் கம்பெனியோ, வழக்கு என்றால் வெளிநாட்டு நீதிமன்றத்தில்தான் என்று டிக்கெட் நிபந்தனையைக் காட்டுகிறது. ஐந்து மாதம் ஓடிவிட்டது. வழி உண்டா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: வழி உண்டு. ஆனால் பூச்சி யாருடையது என்ற சண்டையில் முதலில் இறங்காதீர்கள். டிராவல்ஸ்காரர் விரும்புவது அந்தச் சண்டையைத்தான். மூட்டைப்பூச்சி பெட்டியிலும் துணியிலும் தொற்றிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகும். இரத்தம் கிடைக்காமல் மாதக்கணக்கில் பதுங்கியும் கிடக்கும். வாராவாரம் ஆள் மாறும் கேபினில் அதைக் கொண்டுவந்தவர் யார் என்று எந்த நுகர்வோர் ஆணையத்திலும் நிரூபிக்க முடியாது. உங்களாலும் முடியாது, அவர்களாலும் முடியாது.

இருந்தாலும் அவர்களுடைய வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. மெத்தைத் தையலைப் படம் எடுத்திருக்கிறீர்களா? அதில் கரும்புள்ளிகள், உரித்துப் போட்ட தோல், சிறியதும் பெரியதுமாகப் பல அளவுப் பூச்சிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். முட்டையிலிருந்து வந்த குஞ்சு ஐந்து முறை தோல் உரித்துத்தான் முழு வளர்ச்சி அடைகிறது. ஒவ்வொரு உரிப்புக்கும் ஒரு வயிறு இரத்தம் வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். நீங்கள் ஏறிய அன்றே மெத்தையில் இவ்வளவும் இருந்தால், அது அங்கே குடியிருக்கும் கூட்டம்தான். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்ததோடு நிற்காதீர்கள். எடுத்த நேரமும் தேதியும் உள்ளே பதிந்திருக்கும் மூலக் கோப்பு கைபேசியில் அழியாமல் இருக்க வேண்டும்.

உங்கள் வழக்கின் முதுகெலும்பு வேறு. சொன்ன பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே அது. முதல் இரவு புகார் கொடுத்தீர்கள். மூன்றாம் நாள் வரை ஒரு முதிய பெண்மணி அதே மெத்தையில் படுக்க வேண்டியிருந்தது. பால்கனிக்குக் காசு வாங்கிவிட்டு உள் கேபின் கொடுத்தார்கள். வித்தியாசத் தொகையைத் திருப்பவில்லை. பூச்சியை யார் கொண்டுவந்திருந்தாலும் இந்த இரண்டும் மாறாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சொல்லும் சேவைக் குறைபாடு இதுதான். ஆகவே கப்பல் கம்பெனிக்கு இன்றே மின்னஞ்சல் எழுதி, உங்கள் புகார் பதிவான நேரம், கேபின் மாற்றிய நேரம், பழைய கேபினில் பூச்சி மருந்து அடித்த விவரம் ஆகியவற்றைக் கேளுங்கள். கொடுத்தால் அதுவே சான்று. கொடுக்காவிட்டால், கேட்டும் கொடுக்கவில்லை என்பது சான்று.

கப்பலின் சுகாதாரச் சான்றிதழை அவர்கள் நீட்டக்கூடும். சர்வதேச சுகாதார விதிகளின் (2005) கீழ் துறைமுக அதிகாரிகள் வழங்கும் அந்தச் சான்று ஆறு மாதத்துக்குச் செல்லும். சோதனை நடந்த நாளில் கப்பல் எப்படி இருந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. உங்கள் ஆத்தா படுத்த மெத்தையைப் பற்றி அது பேசாது.

இப்போது "வெறும் இடையாள்" கதைக்கு வருவோம். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்பவர், வாங்குபவரிடம் டி.சி.எஸ். என்னும் வருமான வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்பது 2020 அக்டோபரிலிருந்து நடைமுறை. பணம் கட்டியவரின் 26ஏஎஸ் வரிப் பதிவை எடுத்துப் பாருங்கள். அதில் காரைக்குடி டிராவல்ஸின் பெயர் இருந்தால், தொகுப்பை விற்றவர் தாமே என்று அவரே வருமான வரித் துறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று பொருள். வரித் துறைக்கு விற்பனையாளர், வாடிக்கையாளருக்கு இடையாள் என்று இரண்டு வேடம் போட முடியாது. அவர் கொடுத்த ரசீது, பயணத் திட்டம், 'பால்கனி கேபின் உறுதி' என்று அனுப்பிய செய்தி அனைத்தையும் அச்செடுத்து வையுங்கள்.

வெளிநாட்டு நீதிமன்ற நிபந்தனை வெறும் பூச்சாண்டி என்று சொல்லிவிட முடியாது. 1991இல் கார்னிவல் கப்பல் நிறுவனத்தின் மீது வாஷிங்டன் மாநிலத் தம்பதி தொடுத்த வழக்கில், டிக்கெட்டில் அச்சடித்தபடி ஃபுளோரிடாவில்தான் வழக்காட வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நம் சட்டத்தின் போக்கு வேறு. 2019 சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, புகார் செய்பவர் வசிக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே மனுப் போடலாம். இந்தச் சட்டத்தின் தீர்வு மற்றச் சட்டங்களுக்குக் கூடுதலானது என்று 100ஆம் பிரிவு சொல்கிறது. குறிப்பிட்ட நாளுக்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமையே அழிந்துவிடும் என்று எழுதிக்கொள்ளும் நிபந்தனைகளுக்கும் இந்திய ஒப்பந்தச் சட்டம் 28ஆம் பிரிவு இடம் தருவதில்லை. ஆயினும் ஆணையம் உத்தரவு போட்டாலும், பனாமாவிலோ பஹாமாஸிலோ பதிவான கப்பலின் முதலாளியிடமிருந்து காசை வாங்குவது தனிப்பாடு. அதனால்தான் டிராவல்ஸை முதல் எதிர் தரப்பாகவும் கப்பல் கம்பெனியை இரண்டாவதாகவும் சேர்க்கச் சொல்கிறேன். காரைக்குடி கல்லுக்கட்டியில் கடை வைத்திருப்பவரிடம் உத்தரவை நிறைவேற்றிக்கொள்வது எளிது.

தேவகோட்டைக்குச் சிவகங்கை ஆணையம். செலுத்திய தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். உங்கள் ஒன்பது லட்சத்துக்குக் கட்டணம் 200 ரூபாய். 5 லட்சம் வரை என்றால் அதுவும் இல்லை. காலவரம்பு இரண்டு ஆண்டு. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவும் மனுப் போடலாம். அதற்கு முன் 15 நாள் கெடு வைத்து இருவருக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்து பாருங்கள்; உள்ளூர் டிராவல்ஸ்காரர்கள் பலர் அங்கிருந்து கடிதம் வந்தவுடனேயே பேச வருவார்கள்.

எவ்வளவு கேட்பது? ஒன்பது லட்சத்தையும் திருப்பிக் கேட்காதீர்கள். நீங்கள் பினாங்கைப் பார்த்தீர்கள், நான்கு நாள் சாப்பிட்டீர்கள், மற்றக் கேபின்களில் இருந்தவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். பாதிக்கப்பட்ட கேபினின் கட்டணம், பால்கனி வித்தியாசம், மருத்துவச் செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு, இவ்வளவு போதும். 25 லட்சம் கேட்போம் என்று உற்சாகப்படுத்தும் வக்கீலிடமிருந்து கொஞ்சம் தள்ளியே இருங்கள். பெரிய தொகை கேட்டால் ஆணையம் வெட்டும். கூடவே உங்கள் பேச்சின் மீதுள்ள நம்பிக்கையும் குறையும். தள்ளுபடிச் சீட்டைப் பயன்படுத்தாதீர்கள். பயன்படுத்தினால், இதோடு கணக்குத் தீர்ந்தது என்று சொல்ல அவர்களுக்கு வாய் கிடைக்கும்.

கிரெடிட் கார்டில் கட்டியவர்களுக்கு வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கோரும் வழியும் உண்டு. அதற்குப் பொதுவாக 120 நாள்தான். உங்களுக்கு அது கடந்துவிட்டது. மற்றவர்கள் நினைவில் வைக்கட்டும்.

இன்னொரு எச்சரிக்கை, தேவகோட்டைக்காரருக்கு மட்டுமல்ல. சென்னையில் குடியிருந்துகொண்டு, பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் ஊர் வீட்டைத் திறப்பவர்கள் செட்டிநாட்டில் ஏராளம். வளவு வீட்டு முகவரியைப் போட்டுச் சிவகங்கையில் மனுக் கொடுத்தால், 'வசிப்பது இங்கே இல்லை' என்று எதிர் தரப்பு முதல் நாளே எழுந்து நிற்கும். அப்படிப்பட்டவர்கள் சென்னையில் போடுங்கள்; அல்லது டிராவல்ஸ் காரைக்குடியில் இருப்பதைக் காரணமாகக் காட்டிச் சிவகங்கையில் போடுங்கள். பொன்னமராவதி, அரிமளம் பக்கத்தார் புதுக்கோட்டை மாவட்டம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். 'கப்பலில் செட்டிநாட்டுச் சமையல்காரர், தனிச் சைவச் சமையல்' என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தார்கள். அங்கே கிடைத்தது ரொட்டி, வெள்ளரிக்காய், உப்பில்லாத பருப்பு. சாப்பாட்டு மேசையில் ஒரு கரப்பான்பூச்சி வேறு. இவ்வளவுக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஆளுக்கு ஆள் சேவைக் கட்டணம் பிடித்துவிட்டார்கள். உறவினர்களோ, "ஐயா அந்தக் காலத்து ரஜுலா கப்பலில் பினாங்குக்குப் போனாரே, அவர் யார் மேல் வழக்குப் போட்டார்?" என்று கேலி செய்கிறார்கள். (வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: ரஜுலாவில் தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்களுக்கு யாரும் செட்டிநாட்டுச் சமையல்காரர் உண்டு என்று தாள் அச்சடித்துக் கொடுக்கவில்லை. உங்களுக்குக் கொடுத்தார்கள். உறவினர்களிடம் அதைச் சொல்லுங்கள்.

கரப்பானைப் பெரிதாக்க வேண்டாம். படம் இருந்தால் இணையுங்கள், அவ்வளவுதான். ஒரே ஒரு கரப்பானை வைத்துக்கொண்டு பெரிய இழப்பீடு வாங்கிவிட முடியாது. உங்கள் பலம் அந்த விளம்பரத் தாள். கொடுக்காத சேவையைக் கொடுப்பதாகச் சொல்லி விற்பது தவறாக வழிநடத்தும் விளம்பரம். நேர்மையற்ற வணிக நடைமுறையும்கூட. தாளை வெளியிட்டது டிராவல்ஸா, கப்பல் கம்பெனியா என்று பார்த்து, வெளியிட்டவரை முதலில் பிடியுங்கள். தினமும் என்ன பரிமாறினார்கள் என்பதற்கு உணவுப் பட்டியலின் படமோ, உடன் வந்தவர்களின் எழுத்து மூலமான வாக்குமூலமோ இருந்தால் நல்லது.

சேவைக் கட்டணத்தைக் குறைக்கவோ நீக்கவோ சில கம்பெனிகள் சம்மதிக்கும். ஆனால் இறங்குவதற்கு முன் வரவேற்பு மேசையில் கேட்க வேண்டும். கரைக்கு வந்த பின் அது கிட்டத்தட்ட போன பணம்.

கேள்வி: பயணம் முடிந்து வந்து இரண்டு மாதத்தில், எங்கள் பழைய வீட்டுக் கட்டிலிலும் மூட்டைப்பூச்சி. கப்பல் பெட்டியில்தான் வந்தது. மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறார்கள். மருந்து அடித்த செலவையும் கேட்கலாமா? (வாசகர், பள்ளத்தூர்)

பதில்: மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். தேக்குக் கட்டிலும் பழைய மெத்தையும் இருக்கும் அறையில் அது பூச்சியைவிட ஆபத்து. கடையில் வாங்கும் தெளிப்பானாலும் பெரிய பயனில்லை. அவற்றில் வழக்கமாக இருக்கும் மருந்துகளை எதிர்த்து நிற்கும் பூச்சிகள் உலகெங்கும் பரவிவிட்டன. இதற்கு எதிரி சூடுதான். 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் பூச்சியும் முட்டையும் தாங்காது. துவைக்கக்கூடிய துணியைக் கொதிநீரில் முக்குங்கள். பெட்டிகளைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, சித்திரை வெயிலில் முற்றத்தில் நாள் முழுவதும் போடுங்கள். உள்ளே நடுப்பகுதி வரை சூடேற வேண்டும், மேலே சுட்டால் போதாது. கட்டிலின் கழுந்துகளையும் துளைகளையும் பூச்சி ஒழிப்பவர்களிடம் விடுங்கள். ஒருமுறை அடித்தால் முட்டை தப்பித்துவிடும். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரவேண்டும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கட்டிலைக் கழித்துவிடலாம் என்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் தள்ளிவிடாதீர்கள். அடுத்தவர் வீட்டுக்கு அது போகும்.

செலவைக் கேட்கலாம், கிடைப்பது கடினம். கப்பலிலேயே புகார் பதிவு செய்திருந்தால் தொடர்பு காட்டலாம். அங்கே வாய் திறக்காமல் இரண்டு மாதம் கழித்துச் சொன்னால், இடையில் வீட்டுக்கு வந்துபோன விருந்தாளிகளை எதிர் தரப்பு எண்ணத் தொடங்கும்.

கேள்வி: பதிவு செய்யும் முன்பே ஒரு கப்பலின் சுத்தத்தைத் தெரிந்துகொள்ள முடியுமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: ஓரளவுக்கு. அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் பயணிகள் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் சோதித்து, நூற்றுக்கு மதிப்பெண் போட்டு இணையத்தில் வெளியிடுகிறது. 85 அல்லது அதற்குக் கீழ் என்றால் தோல்வி. எந்தக் குழாயில் அழுக்கு, எந்தச் சமையலறையில் பூச்சி என்பது வரை அறிக்கையில் இருக்கும். ஆசியாவிலேயே சுற்றும் கப்பல் அதில் வராது. ஆனால் பல கப்பல்கள் முன்பு வேறு பெயரில் வேறு கடலில் ஓடியவை. பழைய பெயரைக் கண்டுபிடித்துத் தேடினால் சில நேரம் சிக்கும். டிராவல்ஸ்காரரிடம் கேபின் எண்ணையும் வகையையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கப்பலில் ஏறியதும் பெட்டிகளைக் குளியலறையில் வைத்துவிட்டு, டார்ச் அடித்து மெத்தைத் தையலையும் தலைமாட்டுப் பலகையின் பின்புறத்தையும் பாருங்கள். ஏதாவது தெரிந்தால் துணியைப் பிரிக்காமல் நேரே வரவேற்பு மேசைக்குப் போங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, பதிவு எண் வாங்கிய பிறகே திரும்புங்கள்.