பம்பைக் கைவிட்ட கிருமி

அன்புள்ள ஐயா,

மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிய கட்டுரையில், எதிர்ப்புத்திறனுக்காக பாக்டீரியா ஒரு விலை கொடுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அந்த ஆன்டிபயாடிக்கைச் சில காலம் நிறுத்திவைத்தால் போதாதா? மருந்தில்லாத இடத்தில் அது வீண் சுமைதானே, தானாக உதிர்ந்துவிடாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பியிருந்தேன். நிறுத்தினால் சில இடங்களில் எதிர்ப்பு குறைவதுண்டு; ஆனால் மெதுவாக, அரைகுறையாக. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்குத் தப்பிய ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் புரதம் கட்டும் ரைபோசோம் மாறி, வளர்ச்சி மந்தமாகிறது. அதை மருந்தே இல்லாமல் பல தலைமுறை வளர்த்துப் பார்த்தார்கள். எதிர்ப்புத்திறனை அது விடவில்லை. வேறோரிடத்தில் இன்னொரு மரபணு மாற்றத்தைப் பெற்று வேகத்தை மீட்டுக்கொண்டது. சுமையை இறக்குவதற்குப் பதில் வண்டியில் இன்னொரு மாட்டைப் பூட்டிக்கொண்டது.

ஆகவே விலையை நாமேதான் வசூலிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் கனெக்டிகட்டில், டாட்ஜ் குளத்தில் இருக்கிறது. பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்களுக்கு ஃபேஜ் என்று பெயர். யேல் பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் சான், பால் டர்னர் குழுவினர் அந்தக் குளத்து நீரில் ஓஎம்கேஓ1 என்ற ஃபேஜைக் கண்டெடுத்தார்கள். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற கிருமி, உள்ளே வரும் மருந்தைப் பம்பு வைத்து வெளியே இறைத்துவிடும். இந்த ஃபேஜ் பற்றிக்கொள்வது அந்தப் பம்பின் வெளிவாயிலில் உள்ள புரதத்தை! பம்பை வைத்திருந்தால் ஃபேஜ் கொல்லும். ஃபேஜுக்குத் தப்பப் பம்பை மாற்றிக்கொண்டால் மருந்து உள்ளே தங்கிவிடும். இருதலைக்கொள்ளி எறும்பின் நிலை.

2016-ல், மகாதமனியில் பொருத்திய செயற்கைக் குழாயில் இந்தக் கிருமி குடியேறியிருந்த முதியவர் ஒருவருக்கு, ஃபேஜையும் செஃப்டாசிடிம் மருந்தையும் சேர்த்து ஒரே முறை செலுத்தினார்கள். அந்தத் தொற்று திரும்பவில்லை. ஆனால் ஒருவரை வைத்து முடிவுகட்ட நான் தயாரில்லை. இரண்டில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லை.

மருந்துக்கு மருந்தையே ஏவும் வழியும் உண்டு. ஒரு மருந்துக்கு அடங்காத ஈ.கோலை வேறொன்றுக்கு எளிதில் பலியாவதை சிபால்ஸ்கி, பிரைசன் என்ற ஆய்வாளர்கள் 1952-லேயே எழுதிவிட்டார்கள். ஜென்டாமைசின் வகை மருந்துகளுக்குத் தப்ப, ஈ.கோலை தன் சவ்வின் மின்விசையைக் குறைத்துக்கொள்வதுண்டு. மருந்தை இறைக்கும் பம்புகள் ஓடுவதும் அதே விசையில்தான்; அவை தளர்ந்தால் வேறு மருந்து உள்ளே தங்கிவிடும். சிக்கல் என்னவென்றால், எல்லாக் கிருமிகளும் ஒரே பாதையில் தப்புவதில்லை. நோயாளியின் கிருமியையே வளர்த்துச் சோதித்தால்தான் அடுத்த மருந்தைச் சொல்ல முடியும்.

பக்கத்துக் கிருமியிடமிருந்து பிளாஸ்மிட் என்ற, கிருமிக்குக் கிருமி தாவும் சிறு டி.என்.ஏ. துண்டின் வழியாக எதிர்ப்புத்திறனை வாங்கிக்கொண்ட பாக்டீரியாவிடம் இந்தக் கணக்கு இன்னும் குழம்பும். அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள்.