ஹைப்பர்கார் விதி மாறுதாமே, பொண்ணை ரேஸ் இஞ்சினியரிங் படிக்க அனுப்பலாமா?

கரூர்ல இருந்து ஒரு அப்பா கேட்டிருக்கார். பொண்ணு மெக்கானிக்கல் மூணாவது வருஷம், காலேஜ் பசங்களே ரேஸ் கார் செய்யற ஃபார்முலா டீம்ல பேட்டரி, வயரிங் சைடு பாக்குறா, லெ மான் 24 மணி நேர ரேஸை ராத்திரி பூரா கண் முழிச்சு பாப்பா, அந்த ரேஸோட டாப் கிளாஸான ஹைப்பர்கார்ல, ஹைப்ரிட் சிஸ்டம், அதாவது இஞ்சினோட கரண்ட் மோட்டரும் சேந்து ஓட்டற சைடுல வேலை பாக்கணும்னு ஆசை. இப்ப ஒரு கன்சல்டன்சிக்காரர் வந்து "டாப் கிளாஸ்ல விதி மாறப்போகுது, எல்லா காரும் ஒரே மாதிரி ஆயிடும், ஹைப்ரிட் எல்லாருக்கும் கட்டாயம், புது விதிக்குன்னே ஒரு சர்டிஃபிகேட் கோர்ஸ் இருக்கு, நாலரை லட்சம், வெளிநாட்டு அட்மிஷனும் சேத்தே பண்ணித்தர்றோம், இந்த வாரத்துக்குள்ள அட்வான்ஸ் கட்டிடுங்க"ன்னு சொல்றாராம். சொந்தக்காரர் ஒருத்தர் வேற "எடையை ஏத்தி இறக்கி எல்லாரையும் சமமாக்கிடறாங்களே, அங்க இஞ்சினியருக்கு என்ன வேலை"ன்னு கேட்டுட்டாராம். அனுப்பலாமா வேண்டாமான்னு தெரியாம முழிக்கிறார்.

சார், முதல்ல அந்த அட்வான்ஸைக் கட்டாதீங்க.

ஏன்னு சொல்றேன். இந்த ரேஸோட டெக்னிக்கல் விதி, ஸ்போர்ட்டிங் விதி, 2025 ரேஸுங்கள்ல எந்த காருக்கு எவ்வளவு எடை எவ்வளவு பவர்ங்கற டேபிள் எல்லாமே உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்.ஐ.ஏ வெப்சைட்ல சும்மா கிடக்கு, யார் வேணா டவுன்லோட் பண்ணலாம், ஒரு பைசா கிடையாது. அதை எடுத்து பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் பண்ணி "புது விதி மாட்யூல்"னு விக்கிறவங்களை நானே பாத்திருக்கேன். நான் ரேஸ் நடுவுல கார் வந்து நிக்கற பிட் லேன்ல டேட்டா இஞ்சினியரா நிறைய வருஷம் வேலை பாத்தவன், ஆள் எடுக்கற டேபிள்ல உக்காந்திருக்கேன், அந்த மாதிரி சர்டிஃபிகேட்டைப் பாத்து ஒருத்தரைக்கூட நாங்க எடுத்ததில்ல. இன்னும் முடிவாகாத விதிக்கு அவர் எங்க இருந்து பாடம் எடுத்தார்னு கேளுங்க. பதில் வராது.

சரி, இந்த விதிச் சண்டைதான் என்ன. நுணுக்கமா போகல, உங்களுக்குத் தேவையானதை மட்டும் சொல்றேன்.

இப்ப டாப் கிளாஸ் பேரு ஹைப்பர்கார். உள்ள ரெண்டு வகை கார் ஓடுது. ஒண்ணு எல்.எம்.ஹெச், 2021-ல வந்தது, இதுல கம்பெனியே சேஸியில, அதாவது காரோட அடிக்கூட்டுல இருந்து மோட்டர் வரைக்கும் தன் இஷ்டத்துக்கு டிசைன் பண்ணிக்கலாம், டொயோட்டா, ஃபெராரி, பெஜோ எல்லாம் இந்தப் பக்கம். இன்னொண்ணு எல்.எம்.டி.ஹெச், 2023-ல இருந்து ஓடுது, இதுல சேஸியை டல்லாரா, மல்ட்டிமேட்டிக், ஓரெகா, லிஜியேங்கற நாலு பேர்ல ஒருத்தர்கிட்ட வாங்கணும், ஹைப்ரிட் மோட்டர் எல்லாருக்கும் பாஷ், கியர்பாக்ஸ் எல்லாருக்கும் எக்ஸ்ட்ராக், பேட்டரியும் ஒரே இடத்துல இருந்துதான். பி.எம்.டபிள்யூ, காடிலாக் எல்லாம் இந்தப் பக்கம், 2025 வரைக்கும் போர்ஷேவும். முதல் வகையில முன் சக்கரத்துக்கு 200 கிலோவாட் வரைக்கும் மோட்டர் வெச்சுக்கலாம், ரெண்டாவது வகையில பின்னாடி வெறும் 50 கிலோவாட். ரெண்டையும் ஒண்ணா ஓட விட்டு சமப்படுத்தறதுக்குப் பதிலா ஒரே விதியா ஆக்கிடலாமேங்கறதுதான் இப்ப நடக்கற பேச்சு.

இப்படி ரெண்டு வகை ஏன் வந்துச்சுன்னா, அதுக்கு முன்னாடி டாப் கிளாஸா இருந்த எல்.எம்.பி.1 ஹைப்ரிட்ல காசு தண்ணியா ஓடிச்சு. ஆடி கார் கம்பெனி 2016 முடிஞ்சதும் கிளம்பிட்டான், போர்ஷே 2017 முடிஞ்சதும் கிளம்பிட்டான், டொயோட்டா ஏறக்குறைய தனியா நின்னு 2018, 2019, 2020-ன்னு ஜெயிச்சுது. அந்த ரெண்டு வருஷத்துல நல்ல நல்ல இஞ்சினியருங்க கையில பெட்டியோட நின்னதை நான் கண்ணால பாத்தவன். அதனால விதி மாறினா வேலை போகுமாங்கற உங்க பயம் வெறும் பயம்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த வேலைங்க விதி மாறி போகல, கம்பெனி போர்டு ரூம்ல ஒரு நாள் கை தூக்கி போச்சு. அதுக்கு எந்த கோர்ஸும் காப்பாத்தாது.

உங்க சொந்தக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. அவர் சொல்றது பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ், சுருக்கமா பி.ஓ.பி, எடையையும் பவரையும் மாத்தி காருங்களை சமப்படுத்தற முறை. அந்த டேபிள் ஒரு பக்கம்தான் வரும். கார் பேரு, அதுக்கு நேரா குறைஞ்சபட்ச எடை, எடை 1030 கிலோவுல ஆரம்பிக்கும், அப்புறம் பவர், சுமார் 500 கிலோவாட், அதாவது 670 குதிரை சக்தி, அப்புறம் 250 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போனா பவரை எவ்வளவு சதவீதம் கூட்டிக்கலாம் இல்ல குறைக்கணும், அப்புறம் ஒரு ஸ்டின்ட்டுக்கு, அதாவது ஒரு தடவை பிட்டுல நின்னு கிளம்பி அடுத்து நிக்கற வரைக்கும், எவ்வளவு எனர்ஜி, அது 900 மெகா ஜூல் சுத்துல இருக்கும். அவ்வளவுதான். இதைப் பாத்துட்டு வெளிய இருக்கறவங்க எல்லாத்தையும் எஃப்.ஐ.ஏவே முடிவு பண்ணிடுச்சுன்னு நினைக்கிறாங்க.

கார் உள்ள வந்து பாருங்க. ஒவ்வொரு டிரைவ் ஷாஃப்ட்லயும் ஒரு டார்க் சென்சார் இருக்கு, ஷாஃப்ட் எவ்வளவு முறுக்குதுன்னு அளந்து, சக்கரத்துக்கு எவ்வளவு பவர் போகுதுன்னு கணக்கு சொல்லும். குடுத்த கோட்டைத் தாண்டினா தண்டனை. கோட்டுக்குக் கீழ ரொம்ப தள்ளி நின்னா ஒவ்வொரு லேப்லயும் நேரம் போகும், லெ மான் லேப் 13 கிலோமீட்டருக்கு மேல, 24 மணி நேரத்துல கிட்டத்தட்ட 390 லேப், கணக்கு போட்டுக்கோங்க. வளைவு ஓரத்துல இருக்கற கர்ப் மேட்டு மேல ஏறி இறங்கறப்போ சக்கரம் காத்துல தூக்கி மறுபடி ரோட்டைப் பிடிக்கும்போது அந்த சென்சார் ரீடிங் ஊசி மாதிரி மேல குத்தும், அது நிஜ பவரா வெறும் அதிர்ச்சியான்னு பிரிச்சு இஞ்சினையும் மோட்டரையும் அந்தக் கண நேரத்துல அடக்கணும். இதை எழுதற ஆளு இஞ்சினியர் இல்லாம யாரு? பி.ஓ.பி வந்ததால இஞ்சினியரிங் சாகல, இடம் மாறி வயருக்குள்ளயும் சாஃப்ட்வேருக்குள்ளயும் போயிடுச்சு, உங்க பொண்ணு இப்ப பாத்துட்டிருக்கற பக்கம்தான் அது.

இன்னொண்ணு. 2025 லெ மான்ல மூணு ஃபெராரி 499பி ஓடுச்சு, மூணுக்கும் ஒரே பி.ஓ.பி. ஜெயிச்சது கம்பெனி டீமோட ரெண்டு சிவப்புக் காரும் இல்ல, ஏ.எஃப் கோர்சேங்கற டீம் தனியா இறக்கின மஞ்சள் கலர் 83-ஆம் நம்பர். ரெண்டாவது வந்த போர்ஷே 24 மணி நேரம் ஓடிட்டு வெறும் 14 செகண்டு பின்னாடி. நாலாவதா வந்த 50-ஆம் நம்பர் ஃபெராரியை ரேஸ் முடிஞ்சு சோதனையில டிஸ்குவாலிஃபை பண்ணிட்டாங்க, பின் விங் சப்போர்ட்ல போல்ட் காணும், அதனால விங் அளவுக்கு மேல வளைஞ்சிருக்கு. எல்லாரையும் டேபிள்ல சமப்படுத்தின ரேஸோட முடிவை ஸ்பேனர் பிடிச்ச கையும் மானிட்டரைப் பாத்த கண்ணும்தான் மாத்திச்சு.

அதுக்காக பி.ஓ.பி நடத்தற விதம் எனக்குப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம் இல்ல. 2023-ல லெ மானோட நூறாவது வருஷக் கொண்டாட்டம், ரேஸுக்குச் சில நாள் இருக்கும்போது திடீர்னு டொயோட்டாவுக்கு 37 கிலோ, ஃபெராரிக்கு 24 கிலோ ஏத்தினாங்க. எந்த டேட்டாவை வெச்சு, எந்த ஃபார்முலாவுலன்னு ரசிகனுக்கு யாரும் காட்டல. அதுக்கு மேல, பி.ஓ.பி பத்தி டீமோ டிரைவரோ வெளிய வாயைத் திறந்தா தண்டனைன்னு விதியிலயே எழுதி வெச்சிருக்காங்க. டேபிளைப் போடறீங்க, கணக்கைப் போட மாட்டேங்கறீங்க, கேள்வியும் கேக்கக் கூடாதுன்னா எப்படி நம்புறது? ஒரே விதியா மாத்தறதை விட இதைத்தான் முதல்ல மாத்தணும்னு நான் எத்தனையோ வருஷமா சொல்லிட்டிருக்கேன்.

இப்ப அந்த கன்சல்டன்சிக்காரர் சொன்ன "ஹைப்ரிட் எல்லாருக்கும் கட்டாயம்"ங்கறதுக்கு வர்றேன், ஏன்னா இதை வெச்சுதான் உங்களை பயமுறுத்தியிருக்கார். இப்ப இருக்கற விதிப்படி இது தப்பு. எல்.எம்.டி.ஹெச்ல கட்டாயம், சரி. எல்.எம்.ஹெச்ல விருப்பம்தான். கிளிக்கன்ஹாஸ்னு ஒரு சின்ன அமெரிக்க டீம், ஹைப்ரிட்டே இல்லாத காரை வெச்சு 2022 லெ மான்ல மூணாவது வந்து போடியத்துல நின்னாங்க. 2025-ல வந்த ஆஸ்டன் மார்ட்டின் வால்கிரி, 6.5 லிட்டர் வி12, அதுலயும் மோட்டர் கிடையாது. ஹைப்ரிட் இல்லாம எப்படி சமாளிக்கிறாங்கன்னு கேப்பீங்க. ஹைப்ரிட் இருந்தா பவர் கூடும்னு எல்லாரும் நினைக்கிறாங்க, இங்க அப்படி இல்ல. இஞ்சினும் மோட்டரும் சேந்து சக்கரத்துக்குப் போறது மொத்தமா அந்த 500 கிலோவாட் சுத்துலதான் இருக்கணும், மோட்டர் 200 குடுத்தா இஞ்சின் அந்த அளவுக்குக் குறைச்சுக்கணும். அதுலயும் முன் மோட்டரை வேகம் 190 தாண்டினப்புறம்தான் போடலாம்னு ஃபெராரிக்கும் டொயோட்டாவுக்கும் கட்டுப்பாடு வெச்சாங்க. ஆர்னாஜ் வளைவு லெ மான்ல ரொம்ப ஸ்லோ, அங்க இருந்து வெளிய வர்றப்போ நாலு சக்கரமும் இழுத்தா எவ்வளவு நல்லாருக்கும், ஆனா அந்த நேரத்துல முன் மோட்டர் கை கட்டி நிக்கணும். பிரேக் போடறப்போ கரண்ட்டைத் திருப்பி எடுக்கறது மட்டும் நடக்கும். அதனால ஹைப்ரிட் இல்லாத காருக்கும் இங்க இடம் இருக்கு, இருந்துச்சு. ஒரே விதி வந்தா இந்த இடம் மூடிடுமோன்னு எனக்கும் கவலைதான், வி12 சத்தம் அந்த நேர் ரோட்டுல கேக்கறது வேற. மத்த விதிவிலக்கு நிறைய இருக்கு, இப்போதைக்கு உங்களுக்கு அதெல்லாம் வேண்டாம்.

ஒரே விதிக்கு நான் எதிரி இல்ல. ஆனா ஒண்ணாக்கறேன்னு மோட்டர், பேட்டரி, கன்ட்ரோல் சாஃப்ட்வேர் மூணையும் பூட்டி ஒரே கடையில வாங்குங்கன்னு சொல்லிட்டா, கம்பெனி முன் லைட்டோட ஷேப்பை மட்டும் டிசைன் பண்ணிட்டுப் போயிடும். இன்னிக்கு எல்.எம்.டி.ஹெச்ல மோட்டர் பொதுவானாலும் அதை ஓட்டற சாஃப்ட்வேரை ஒவ்வொரு கம்பெனியும் தானே எழுதிக்குது, அந்த ஒரு ஜன்னலையாவது சாத்தக்கூடாது.

இதுல ஹைட்ரஜன் வேற. ஹைட்ரஜன் கிளாஸ் 2024-ல வரும்னு லெ மான் நடத்தறவங்க முதல்ல சொன்னாங்க, அப்புறம் தள்ளித் தள்ளிப் போயிட்டே இருக்கு. உங்க ஊருக்கு அடுத்து ஹைட்ரஜன் ரேஸிங் டிப்ளமோ விக்க ஆள் வந்தா ஆச்சரியப்படாதீங்க. இந்த ஆளுங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு: பேப்பர்ல எஃப்.ஐ.ஏ லோகோ மாதிரி ஒண்ணைப் போடுவாங்க, "டீமோட டை-அப்"னு சொல்வாங்க, எந்த டீம்னு கேட்டா ரகசிய ஒப்பந்தம்பாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் இப்படி காசு கட்டிட்டு ஐரோப்பா போனான், இன்டர்ன்ஷிப்னு சொன்ன இடத்துல டயர் கழுவி அடுக்கற வேலை, அதுவும் ரெண்டு வீக் எண்ட். அப்பா நிலத்தை அடமானம் வெச்சிருந்தார். அட்மிஷனை காலேஜ்கிட்ட நேரா போடுங்க சார், ஃபாரம் உங்க பொண்ணே நிரப்பிடுவா, நடுவுல ஆள் எதுக்கு?

எங்க போடறதுன்னா, இங்கிலாந்துல கிரான்ஃபீல்ட், ஆக்ஸ்ஃபோர்ட் புரூக்ஸ் ரெண்டுலயும் மோட்டார்ஸ்போர்ட் மாஸ்டர்ஸ் பழசு, பேரு இருக்கு, ஃபீஸ் கடுமை. இத்தாலியில எமிலியா ரொமாஞா பக்கத்து யூனிவர்சிட்டிங்க சேந்து மூனர்னு நடத்தறாங்க, அதுல ரேஸ் கார் டிசைன் பிரிவு டல்லாரா இருக்கற வாரானோ ஊர்லயே நடக்குது, அரசு யூனிவர்சிட்டி அதனால குடும்ப வருமானத்தைப் பாத்து ஃபீஸ் குறையும், இங்கிலீஷ்லயே படிக்கலாம். என் ஓட்டு இதுக்குத்தான். சுத்துவட்டாரத்துல ஃபெராரி, டல்லாராவோட ஒர்க்‌ஷாப் எல்லாம் இருக்கு. ஆனா ஒண்ணு, படிப்புக்கு அப்புறம் அங்க தங்கி வேலை பாக்கற விசா விதியை அந்தந்த தூதரக சைட்ல நேரா படிங்க, அதுக்கும் ஏஜென்ட் வேண்டாம்.

அதுக்கு முன்னாடி கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேல காலேஜ் டீம்ங்க தாங்க செஞ்ச காரை ஓட்டற ஃபார்முலா பாரத் போட்டி நடக்குமே, அதுல இவ டீம் காரை ஓட வெச்சு, டேட்டாவை எடுத்து, எங்க தப்பாச்சுன்னு ஒரு நாலு பக்கம் எழுதி வெச்சுக்கட்டும். நான் இன்டர்வியூல பசங்ககிட்ட ஒரு லேப் டேட்டாவைக் குடுத்து, நடுவுல ஒரு இடத்துல சென்சார் காட்டற பவர் விழுந்திருக்கும், என்னாச்சுன்னு கேப்பேன். பாதிப் பேர் டிரைவர் காலை எடுத்துட்டார்னு சொல்வாங்க. சரியான ஆளு திராட்டில் கோட்டையும் வேகக் கோட்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு, ரெண்டும் மாறாதப்போ பவர் மட்டும் எப்படி விழும்னு கேப்பாங்க. அந்தக் கேள்வியைக் கேட்டவங்களுக்கு நான் வேலை குடுத்திருக்கேன், சர்டிஃபிகேட்டைப் புரட்டிக்கூட பாத்ததில்ல.

அனுப்புங்க சார். இந்த வாரம் அட்வான்ஸ் கட்டறதுக்குப் பதிலா, எஃப்.ஐ.ஏ சைட்ல இருந்து 2025 லெ மான் பி.ஓ.பி டேபிளை எடுத்து, ஃபெராரிக்கும் போர்ஷேக்கும் நேரா இருக்கற அஞ்சாறு நம்பர் என்ன சொல்லுதுன்னு உங்களுக்குப் புரியற மாதிரி விளக்கச் சொல்லுங்க. அவ எழுதினதை எனக்கு அனுப்பி வைங்க, நான் படிச்சுட்டு எங்க தப்புன்னு சொல்றேன்.