சாக்லேட் கட்டி மெழுகாய் ஒட்டுவது ஏன்? வாசகர் கேள்வி-பதில்

வீட்டில் கேக், மிட்டாய் செய்து அக்கம்பக்கத்தாரோடும் தோழிகளோடும் பகிர்ந்துகொள்கிறவர்களின் கடிதங்கள் இந்த முறை நிறைய வந்தன. எல்லாவற்றையும் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்.

அச்சில் ஊற்றி நானே செய்த சாக்லேட்டைத் தோழிகளுக்குக் கொடுத்தேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா வாயில மெழுகு மாதிரி ஒட்டுது" என்றார்கள். கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கும் டார்க் கட்டியைத்தான் உருக்கினேன். என் செய்முறையில் தவறா?
– வாசகி, தஞ்சாவூர்

உங்கள் கையில் ஒரு தவறும் இல்லை. வாங்கிய கட்டியின் உறையை எடுத்துப் பாருங்கள். "டார்க் காம்பவுண்டு" என்று எழுதியிருக்கும். அது சாக்லேட் இல்லை.

சாக்லேட்டில் இருக்கவேண்டிய கொழுப்பு கோகோ வெண்ணெய். ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும். நம் உடம்புச் சூடு 37. அதனால்தான் நல்ல சாக்லேட் நாக்கில் பட்டதும் கரைந்து வழிகிறது. கோகோ வெண்ணெய்க்கு விலை அதிகம் என்பதால், காம்பவுண்டில் அதை எடுத்துவிட்டு, ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய தாவரக் கொழுப்பைச் சேர்க்கிறார்கள். பெரும்பாலும் பாமாயில் வகை. சில கட்டிகளில் இந்தக் கொழுப்பு உடம்புச் சூட்டிலும் முழுசாக உருகாது. உங்கள் தோழிகள் சொன்ன மெழுகு அதுதான்.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, சாக்லேட் என்று பெயர் போடவேண்டுமானால் கோகோ வெண்ணெய் தவிர்த்த வேறு தாவரக் கொழுப்பு 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சேர்த்தால் உறையிலும் சொல்ல வேண்டும். தயாரிப்பவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் "காம்பவுண்டு" என்று அச்சடித்துத் தப்பித்துக்கொள்கிறார்கள். கடைக்காரர் அதைத் "சாக்லேட் கட்டி" என்று சொல்லி எடுத்துக் கொடுக்கிறார். என் கோபமெல்லாம் அந்த இடத்தில்தான். பொருள் மேல் எனக்குப் பகை இல்லை. மே மாதம் சென்னையில் அறையே 33, 34 டிகிரி காய்கிறது. கோகோ வெண்ணெய்ச் சாக்லேட் அங்கே நிற்காது. டெம்பரிங் என்று, டார்க் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 28க்கு இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்றி வேலை செய்ய வேண்டும். தவறினால் மேலே சாம்பல் பூத்துவிடும். காம்பவுண்டுக்கு இந்தப் பாடு எதுவும் கிடையாது. புதிதாகக் கற்கும் பிள்ளைகள் அதில் பழகட்டும். ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

2024-ல் உலகச் சந்தையில் கோகோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. அதற்குப் பிறகும் மலிவாகக் கிடைக்கிற "சாக்லேட்" எதுவாக இருந்தாலும் உறையைத் திருப்பிப் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரும். சர்க்கரை, அடுத்தபடி தாவரக் கொழுப்பு, அதற்கப்புறம் கோகோ பவுடர் என்று இருந்தால் அது காம்பவுண்டு. கோகோ மாஸ் (அரைத்த கோகோ விதை), கோகோ வெண்ணெய் இரண்டும் இருந்து, தாவரக் கொழுப்பு இல்லையென்றால் தைரியமாக வாங்கலாம்.

என் அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில் போட ஐந்து கிலோ கட்டி வாங்கினேன். "சாக்லேட்தானே?" என்று கேட்டேன், "ஆமாம்மா" என்றார்கள். உறையைத் திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து அச்சு ஊற்றினேன். பந்தியில் ஒரு குழந்தை கடித்துவிட்டுத் துப்பியதைப் பார்த்தபோதுதான் உறையைத் தேடிப் படித்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

புது ஓடிஜி அடுப்பு வாங்கிப் பத்தே நாளில் பிளக் உருகிவிட்டது. வாரண்டியில் சேராது என்கிறார்கள். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?
– வாசகர், மதுரை

நீங்கள் அனுப்பிய படத்தில் 1600 வாட் அடுப்பின் தடித்த முள் பிளக்கை, மாற்றுப் பிளக் போட்டுச் சின்ன சாக்கெட்டில் சொருகியிருக்கிறீர்கள். அந்தச் சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. 230 வோல்ட்டில் அது தாங்குவது 1380 வாட். அடுப்புக்கு 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும் என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கும். படிக்காமல் சொருகிவிட்டு நீதிமன்றம் போனால் அங்கேயும் இதைத்தான் கேட்பார்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் சாக்கெட்டை மாற்றுங்கள். தீப்பிடிக்காமல் போனதே பெரிய காரியம்.

கேக் உப்பவே மாட்டேன் என்கிறது. பேக்கிங் பவுடர் போன வருடப் பொங்கலுக்கு முன்பு வாங்கியது. எந்த பிராண்டுக்கு மாறலாம்?
– வாசகி, ஈரோடு

பிராண்டை மாற்ற வேண்டாம், டப்பாவை மாற்றுங்கள். ஒரு ஸ்பூன் எடுத்து வெந்நீரில் போடுங்கள். பொங்கி நுரைக்காவிட்டால் குப்பைக்குத்தான்.

அக்கா, கேக் விற்றுச் சேர்த்த 8,500 ரூபாயை ஸ்டாண்டு மிக்சருக்காக இன்ஸ்டாகிராம் பக்கம் ஒன்றுக்கு யுபிஐ-யில் அனுப்பினேன். பணம் போனதும் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். வீட்டில் சொல்லக்கூடப் பயமாக இருக்கிறது.
– வாசகி, திருநெல்வேலி

தங்கச்சி, முதலில் வீட்டில் சொல்லிவிடு. திருடியது அவர்கள், நீ இல்லை. மாவு பிசைந்து, ராத்திரி கண் விழித்துச் சேர்த்த காசு அது. அதைப் பறித்தவர்களுக்காக நீ ஏன் தலை குனிய வேண்டும்?

இதைப் படித்ததும் 1930-க்குப் போன் செய். அது சைபர் குற்றங்களுக்கான உதவி எண். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போய்விடுவதற்குள் முடக்கினால்தான் திரும்பி வர வழி உண்டு. அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். யுபிஐ பரிவர்த்தனை எண், அந்தப் பக்கத்தின் படங்கள், பேசிய உரையாடல் எதையும் அழித்துவிடாதே. வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஆனால் அது முகவரி உள்ள கடைக்குத்தான் நன்றாக வேலை செய்யும். முகமே இல்லாதவனை போலீஸ்தான் தேட வேண்டும்.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். முகவரி, ஜிஎஸ்டி எண் எதுவும் இல்லாத பக்கம் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டால் அனுப்பாதீர்கள். பொருள் கைக்கு வந்தபின் பணம் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

அரை கிலோ கேக் என்று வாங்கினேன். வீட்டுத் தராசில் 450 கிராம்தான்.
– வாசகர், சேலம்

அது ஒரு பவுண்டு, 454 கிராம். அதை அரை கிலோ என்று சொல்லி விற்பது அளவில் ஏமாற்றுவதுதான். பில்லில் "அரை கிலோ" என்று இருந்தால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம். அட்டைப் பெட்டியோடு சேர்த்து இனிப்பை நிறுப்பவர்கள் மேலும் அங்கேயே சொல்லுங்கள்.

கோவில்பட்டி கடலைமிட்டாய் போல வீட்டில் செய்ய ஆசை. பாகு ஒரு நாள் பிசுபிசுக்கிறது, ஒரு நாள் கசக்கிறது. தெர்மாமீட்டர் வாங்கலாமா?
– வாசகி, பெங்களூரு

வாங்கலாம், ஆனால் சோதித்துப் பார்த்து வாங்குங்கள். நான் ஆசையாக ஒன்று வாங்கினேன். இரண்டு தடவை பாகு கருகிப் போனபிறகு சந்தேகம் வந்து, கொதிக்கிற தண்ணீரில் வைத்தேன். சென்னையில் 100 காட்ட வேண்டியது 92 காட்டியது. திருப்பித் தரும் நாளும் அதற்குள் முடிந்துவிட்டது. உங்கள் ஊர் மேட்டில் இருக்கிறது, தண்ணீர் 97 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பாட்டிமார்களிடம் தெர்மாமீட்டர் இருந்ததில்லை. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகு விடுங்கள். உருண்டு வந்து விரலுக்கு மெத்தென்று இருந்தால் அது பொரி உருண்டைக்குக்கூடப் போதாது. அந்த உருண்டையைத் தட்டில் போட்டால் "டங்" என்று சத்தம் வரவேண்டும், கடித்தால் படக்கென்று உடைய வேண்டும். அதுதான் கடலைமிட்டாய்ப் பதம். அப்போதே அடுப்பை அணைத்து, வறுத்துத் தோல் நீக்கிய கடலையைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் தேய்த்துவிடுங்கள். ஆறுவதற்குள் கத்தியால் கோடு போட வேண்டும்.

வெல்லம் பளிச்சென்ற மஞ்சளில் இருந்தால் வாங்காதீர்கள், நிறம் ஏற்ற ரசாயனம் போட்டிருப்பார்கள். கொஞ்சம் கறுத்த வெல்லம்தான் நல்லது. ஊர்ப்பெயர் சொன்னீர்களே, கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கேயோ செய்து அந்த ஊர்ப் பெயரை ஒட்டி விற்பது அங்கே அடுப்படியில் வெந்து உழைக்கிறவர்களின் வயிற்றில் அடிப்பது.

எங்கள் மாமியார் சுத்த சைவம். ஆசையாக மார்ஷ்மெல்லோ வாங்கிக் கேக் மேல் அலங்கரித்துக் கொடுத்தேன். அதில் ஜெலட்டின் இருந்ததாம்.
– வாசகி, கும்பகோணம்

ஜெலட்டின் மாட்டு, பன்றித் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. உறையில் அசைவத்துக்கான பழுப்பு நிறக் குறி போட்டிருந்திருப்பார்கள். பச்சை வட்டமா, பழுப்பா என்று பார்க்க இரண்டு நொடி போதும். மாமியாரிடம் நேரில் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அடுத்த முறை கடல்பாசியில் செய்யுங்கள்.

தீபாவளிக்கு அபார்ட்மென்டில் நாற்பது வீட்டுக்கு பிரவுனியும் முந்திரி மிட்டாயும் செய்து விற்கப்போகிறேன். வீட்டில் செய்வதற்கும் பதிவு வேண்டுமா?
– வாசகி, கோவை

நட்புக்குக் கொடுத்தால் வேண்டாம், காசு வாங்கினால் வேண்டும். உங்களைப் போலச் சின்ன அளவில் விற்பவர்களுக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் கட்டணம் கட்டி விண்ணப்பித்தால் 14 இலக்க எண் தருவார்கள். பெட்டியில் அந்த எண், செய்த தேதி, எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்பது, சேர்மானங்கள் எல்லாம் இருக்க வேண்டும். முட்டை போட்ட பிரவுனி என்றால் பழுப்புக் குறி.

முந்திரியும் கடலையும் சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது, மூச்சே அடைத்துவிடும். அதனால் "முந்திரி உள்ளது" என்பதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பிரவுனிக்கு எந்தக் கட்டி வாங்கப்போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தஞ்சாவூர் வாசகிக்குச் சொன்னதை ஒரு தடவை படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். காம்பவுண்டுதான் வாங்குகிறீர்கள் என்றால் பெட்டியிலும் காம்பவுண்டு என்றே எழுதுங்கள்.