தம்பிக்குச் சிறுநீரகம் தருவதாக வேண்டிக்கொண்டேன், எப்படித் தயாராவது?

கேள்வி: எனக்கு 44 வயது. கடலூர் முதுநகரில் இருக்கிறேன். என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரம் மூன்று நாள் புதுச்சேரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறான். எங்கள் இருவருக்கும் ஒரே ரத்தப் பிரிவு. என் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருவதாகப் பாடலீஸ்வரர் சன்னதியில் வேண்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் சரி என்கிறார். மாமியார்தான், "உடம்பில் ஒன்று குறைந்தால் அடுத்த பிறவியில் குறையோடு பிறப்பாய்" என்று அழுகிறார். வெள்ளிக்கிழமை விரதம் இருப்பேன். ஆடியில் தீமிதிப்பதாக ஒரு நேர்த்திக்கடனும் பாக்கி இருக்கிறது. நான் எப்படித் தயாராக வேண்டும்?

பதில்: சகோதரி, முதலில் அந்த வேண்டுதலைப் பற்றிப் பேசிவிடுவோம். சிறுநீரக மாற்றுப் பிரிவில் ஒருங்கிணைப்பாளராக வேலை செய்கிறேன். சாமியிடம் சொல்லிவிட்டோம், இனிப் பின்வாங்கக் கூடாது என்று நினைப்பவர்கள் தங்கள் உடம்பில் உள்ள தொந்தரவுகளை மறைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மூட்டுவலிக்குத் தினமும் மாத்திரை போடுவதைச் சொல்ல மாட்டார்கள். பிரசவ சமயத்தில் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ வந்து போனதைச் சொல்ல மாட்டார்கள். சோதனையில் தோற்றுவிடுவோமோ என்ற பயம்தான் காரணம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மனதால் கொடுத்துவிட்டீர்கள், உடம்பு ஒத்துக்கொள்கிறதா என்பதை மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும். அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது, "என் உடம்பு தாங்கும் என்று மருத்துவர் சொன்னால் தருகிறேன்" என்று அதே சன்னதியில் இன்னொரு தடவை சொல்லிவிட்டு வாருங்கள். அப்பர் கரையேறிய ஊர்க்காரர் நீங்கள். உங்கள் நம்பிக்கை இதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

மாமியாரின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள், அது அன்பினால் வருவது. சிவன் கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையில் நிற்கும் கண்ணப்பரை அவருக்கு நினைவுபடுத்துங்கள். கண்ணைப் பெயர்த்துக் கொடுத்தவரைச் சிவன் குறையுள்ளவராக வைக்கவில்லை, பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டார். வடலூரில் வள்ளலார் 1867-இல் தருமசாலை தொடங்கியதும் பிற உயிரின் துன்பத்தைப் பொறுக்க முடியாமல்தான். இதற்குப் பிறகும் மாமியார் மனம் ஆறவில்லை என்றால், மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். கேட்க நினைப்பதை அவரே நேரில் கேட்கட்டும்.

அப்புறம், சோதனைகள். தம்பிக்கு எதனால் சிறுநீரகம் கெட்டது என்பதைத்தான் நீங்கள் முதலில் கேட்க வேண்டும். பரம்பரையாக வரும் நீர்க்கட்டி நோய் என்றால் அது உங்களுக்கும் இல்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும். சர்க்கரையால் என்றால், ஒரே குடும்பம் என்பதால் உங்கள் சர்க்கரையைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள். ரத்தப் பிரிவு ஒன்றாக இருப்பது நல்ல தொடக்கம்தான், ஆனால் அது மட்டும் போதாது. உங்கள் ரத்தத்தையும் அவர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் கிராஸ்மேட்ச் ஒத்துவர வேண்டும். இரண்டு சிறுநீரகமும் தனித்தனியே எவ்வளவு வேலை செய்கின்றன என்று ஸ்கேன் எடுப்பார்கள். ரத்தக் குழாய்களைக் காட்டும் சிடி, இதயப் பரிசோதனை, மஞ்சள் காமாலைக் கிருமி, எச்ஐவி, பெண் என்பதால் மார்பகத்துக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் பரிசோதனை என்று வரிசையாக வரும். மனநல ஆலோசகரும் பேசுவார். இவை எல்லாம் தம்பிக்காக என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலானவை, ஒரே சிறுநீரகத்தோடு நீங்கள் நெடுங்காலம் நலமாக வாழ முடியுமா என்பதைப் பார்ப்பவை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மனித உறுப்பு மாற்று விதிகள் 2014, பெண் கொடையாளர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும் என்கின்றன: உங்கள் சம்மதம் சுயமானதுதானா என்பதைச் சிறுநீரகம் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும். நம் வீடுகளில் அக்காவும் அம்மாவும் மனைவியும் கொடுப்பது இயல்பாக எதிர்பார்க்கப்படுவதால்தான் இந்தப் பாதுகாப்பு. உங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசும்போது மனதில் உள்ளதை அப்படியே சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுக்கும் வரைக்கும் "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அப்படிச் சொன்னால், வீட்டாரிடம் "மருத்துவ ரீதியாகப் பொருந்தவில்லை" என்று மட்டும் சொல்லச் சொல்லி மருத்துவரைக் கேட்கலாம்.

காகித வேலையை இன்றே தொடங்குங்கள். அக்கா, தம்பி உறவு 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி நெருங்கிய உறவு என்பதால் அனுமதி எளிது. உறவை நிரூபிப்பதில்தான் கல்யாணமான அக்காக்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல் இருக்கும், ஆதாரில் கணவர் பெயர் இருக்கும், ரேஷன் கார்டு புகுந்த வீட்டில் இருக்கும். தம்பியின் காகிதங்களில் அப்பாவின் பெயரே வேறு எழுத்தில் இருக்கும். இருவரின் பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், அப்பா வீட்டுப் பழைய ரேஷன் கார்டு, எல்லோரும் சேர்ந்திருக்கும் பழைய குடும்பப் படம் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். பெயர் வித்தியாசம் இருந்தால் இப்போதே திருத்த மனு கொடுங்கள். நீங்கள் தமிழ்நாடு, மருத்துவமனை புதுச்சேரி என்றால் எந்த அதிகாரியிடம் என்ன சான்று வாங்க வேண்டும் என்பதை அங்குள்ள ஒருங்கிணைப்பாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சரி, விரதமும் தீமிதியும். வெள்ளிக்கிழமை ஒருவேளை சாப்பிடாமல் இருப்பது பெரிய விஷயமில்லை, தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும். சொட்டுத் தண்ணீர் கூடக் குடிக்காத விரதத்தைச் சோதனைகள் நடக்கும் காலத்திலும் அறுவைக்குப் பிறகும் விட்டுவிடுங்கள். தீமிதியை இந்த ஆடியில் செய்யவே கூடாது. பாதத்தில் ஒரு கொப்புளம் வந்து சீழ் பிடித்தாலும் அறுவை தள்ளிப்போகும். அதுவரை தம்பி டயாலிசிஸில்தான் இருக்க வேண்டும். செடல், அலகு போன்றவையும் அப்படியே, ஊசி வழியாக மஞ்சள் காமாலைக் கிருமி ஏறிவிடக்கூடும். பூசாரியிடம் விஷயத்தைச் சொல்லி, கடனை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள். முடி காணிக்கை என்றால் தடையில்லை. நாட்டு மருந்து, பற்பம், செந்தூரம் எதுவானாலும் மருத்துவரிடம் காட்டாமல் சாப்பிட வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் பல சிறுநீரகத்துக்குக் கெடுதல். அவற்றை இனி ஆயுசுக்கும் தவிருங்கள்.

அறுவை அன்று மூக்குத்தி, மெட்டி, தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். பெண்கள் கடைசி நேரத்தில் கண் கலங்குவது இந்த இடத்தில்தான். மஞ்சள் கயிறு மட்டும் இருக்கலாமா என்று மயக்க மருத்துவரிடம் முந்தைய நாளே கேட்டுவிட்டால் மனம் அமைதியாக இருக்கும். மருதாணியும் நகப்பூச்சும் வேண்டாம், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி சரியாகக் காட்டாமல் போகலாம். நெற்றியில் திருநீறு இருக்கட்டும், தையல் போட்ட இடத்தில் பூசக் கூடாது.

இப்போது பெரும்பாலும் சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறைதான். இடது பக்கச் சிறுநீரகத்தின் சிரைக்குழாய் நீளமானது என்பதால் பொதுவாக அதையே எடுப்பார்கள். விழித்த பிறகு வயிற்றை விடத் தோள்பட்டை வலிக்கலாம். வயிற்றை உப்பவைக்க ஏற்றிய வாயுவினால் வருவது அது, இரண்டொரு நாளில் போய்விடும். மறுநாளே எழுந்து நடக்க வைப்பார்கள், சில நாளில் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை எதையும் தூக்கக் கூடாது. அந்த நாட்களில் அடுப்படியை யார் பார்ப்பது, தம்பிக்கு யார் துணை, உங்களுக்கு யார் துணை என்று இப்போதே பிரித்துவையுங்கள். பெரும்பாலான வீடுகளில் எல்லோரும் நோயாளியைச் சுற்றியே இருப்பார்கள், கொடுத்தவர் தனியாகப் படுத்திருப்பார்.

ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், கொடுத்தவர்களில் அறுவையை ஒட்டி இறந்தவர்கள் பத்தாயிரத்துக்குச் சுமார் 3 பேர். மீதமுள்ள சிறுநீரகம் மெல்ல வேலையைக் கூட்டிக்கொண்டு, முன்பு இரண்டும் சேர்ந்து செய்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் செய்யும். பிற்காலத்தில் உங்களுக்கே சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு சிறிதளவு கூடும். தம்பிக்கு வைத்த சிறுநீரகமும் என்றென்றைக்கும் ஓடும் என்று சொல்ல முடியாது. பல ஆண்டுகள் நன்றாக ஓடிப் பிறகு ஓயலாம், அபூர்வமாக ஆரம்பத்திலேயே தோற்கலாம். அப்படி நடந்தால் உங்கள் பக்தியில் குறை என்று நினைக்கவே கூடாது. இதை அறுவைக்கு முன்பே தம்பியிடமும் வீட்டுக்காரரிடமும் வாய்விட்டுப் பேசுங்கள்.

ஒருவேளை கிராஸ்மேட்ச் ஒத்துவரவில்லை என்றால் வழி அடைபடாது. இதே நிலையில் உள்ள இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளும் பரிமாற்ற தானத்தை 2011 சட்டத் திருத்தம் அனுமதிக்கிறது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்கான காத்திருப்புப் பட்டியலில் தம்பியின் பெயரை இப்போதே பதிந்துவைப்பதும் நல்லது.

எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு உங்களுக்கென்று ஒரு நோட்டு போடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை), சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்த்து அதில் எழுதுங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்ளலாம். துறைமுகப் பக்கம் இருக்கிறீர்கள், கருவாடும் ஊறுகாயும் வாரத்தில் எத்தனை நாள் என்பதைக் கொஞ்சம் குறையுங்கள். தம்பிக்கு நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரைகள் ஆயுள் முழுக்க உண்டு, அதனால் கோயில் தீர்த்தத்தை அவருக்குக் கொடுக்காதீர்கள், தலையில் தெளித்துவிட்டால் போதும். தீமிதிக் கடனை அடுத்த ஆடியில் செலுத்த நினைத்தால், காயம் முழுக்க ஆறிவிட்டதா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் காப்புக் கட்டுங்கள்.