பல்லை எடுத்த பிறகும் பல்வலி: அடுத்து என்ன செய்வது?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. எட்டு மாதமாக வலது பக்கக் கீழ்த்தாடையில் பல்வலி. கடைவாய்ப் பல் ஒன்றுக்கு வேர் சிகிச்சை செய்தோம், சரியாகவில்லை. அதையே பிடுங்கினோம். பத்து நாள் நன்றாக இருந்தார், மறுபடி ஆரம்பித்துவிட்டது. பக்கத்துப் பல்லையும் எடுத்தாயிற்று. "சுளீர்னு கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கு" என்கிறார். பல் துலக்கவே பயப்படுகிறார். இப்போது மூன்றாவது பல்லையும் எடுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். எடுக்கலாமா?
– வாசகி, விருத்தாசலம்

பதில்: அந்த மூன்றாவது பல்லை இப்போது எடுக்க வேண்டாம். வலி தாங்காமல் "பிடுங்கிடச் சொல்லு" என்று அம்மாவே கெஞ்சினாலும் வேண்டாம். நேரில் பார்க்காமல் நோயை உறுதி செய்ய முடியாதுதான். ஆனால் "சுளீர்" என்று அவர் சொன்னதைப் படித்ததுமே எனக்குச் சந்தேகம் பல்லை விட்டு நரம்பின் மேல் போய்விட்டது.

வலியைச் சொல்ல நம்மிடம் இத்தனை சொற்கள் இருப்பது எங்களைப் போன்ற பல் மருத்துவர்களுக்குப் பெரிய உதவி. சொத்தை ஆழமாகிச் சீழ் பிடித்தவர் "விண்விண்ணுன்னு தெறிக்குது, ராத்திரி தூங்க முடியல" என்பார். தாடைத் தசை இறுகியவர் "கடுக்குது, காலையில வாயைத் திறந்தா இழுத்துப் பிடிக்குது" என்பார். சுளீரென்று வெட்டி, சில நொடியில், அதிகம் போனால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். அப்புறம் முகம் கழுவினாலோ, பேசினாலோ, காற்று பட்டாலோ மறுபடி வெட்டும் என்றால் அது பெரும்பாலும் டிரைஜெமினல் நியூரால்ஜியா எனப்படும் முக நரம்பு வலி. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இது கூடுதலாக வருகிறது. ஏறக்குறைய எப்போதும் ஒரே பக்கம்தான் வரும்.

முகத்தின் தொடுவுணர்வை மூளைக்குக் கொண்டுபோவது ஐந்தாம் மூளை நரம்பு. நெற்றிக்கு ஒன்று, மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று என்று அதற்கு மூன்று கிளைகள். இந்த நரம்பு மூளைத் தண்டில் நுழையும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதன் மேல் சாய்ந்து துடித்துக்கொண்டே இருந்தால், நரம்பின் மேலுறை தேய்ந்துபோகிறது. பிறகு லேசாகத் தொட்டால்கூட அது வலியாகப் பாய்கிறது. பற்களின் உணர்வும் இதே நரம்பு வழியாகத்தான் போகிறது என்பதால், கோளாறு மண்டைக்குள் இருந்தாலும் வலிப்பது பல்தான் என்று அம்மாவுக்குத் தோன்றும். அவர் மிகைப்படுத்தவில்லை, கற்பனையும் செய்யவில்லை.

அப்படியானால் பல்லைப் பிடுங்கியதும் பத்து நாள் எப்படி நன்றாக இருந்தார்? இந்த வலிக்குத் தானாக அடங்கி, நாள்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில்கூட ஓய்ந்திருந்துவிட்டுத் திரும்பி வருகிற சுபாவம் உண்டு. இன்னொரு கண்ணியும் இருக்கிறது. எந்தப் பல் என்று பிடிபடாதபோது மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்போம். வலி நின்றால் அந்தப் பல்தான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நரம்பு வலியைத் தூண்டும் இடம் மரத்துப்போனாலும் வலி நிற்கும்! எத்தனையோ நல்ல பற்கள் இப்படிப் போயிருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர் என் அறைக்குள் வந்ததும் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். இடது கன்னம் மழமழவென்று இருந்தது, வலது கன்னத்தில் மட்டும் ஒரு வாரத் தாடி. வாயைத் திறந்தால் வலப்பக்கப் பற்களில் மட்டும் மஞ்சளாகக் காரை ஏறியிருந்தது. பிரஷ் அந்தப் பக்கமே போகவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் கண்ணை இறுக மூடி அப்படியே உறைந்து நின்றார். எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிட்டது.

ஆனாலும் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. ஒவ்வொரு பல்லிலும் குளிர்ந்த பஞ்சை வைத்துப் பார்ப்போம், மெல்லத் தட்டுவோம், விரிசல் இருக்கிறதா என்று குச்சியைக் கடிக்கச் சொல்வோம், வேர் நுனி தெரிகிற மாதிரி படம் எடுப்போம். தாடைத் தசைகளை அழுத்திப் பார்ப்போம். பஞ்சு நுனியால் முகத்தின் இரு பக்கமும் தொட்டு, மரத்த இடம் இருக்கிறதா என்று பார்ப்போம். பல்லில் காரணம் எதுவும் இல்லையென்றால் கத்தியையும் பல் பிடுங்கும் இடுக்கியையும் கீழே வைத்துவிட வேண்டும். அடுத்தது எம்ஆர்ஐ ஸ்கேன். கட்டியோ, மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்ற நரம்பு நோயோ இல்லை என்று அதில் உறுதி செய்ய வேண்டும்.

சாதாரண வலி மாத்திரைகள் இதற்குக் கேட்காது. மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும்தான் கெடும். இதற்கு முதல் மருந்து வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமசெபின். பெரும்பாலும் 100 மில்லிகிராம் அளவில் தொடங்கி, சில நாளுக்கொரு முறை மெல்ல ஏற்றுவோம். பலருக்குச் சில நாளிலேயே வலி சட்டென்று குறையும்; அதுவே நோயைச் சரியாகக் கண்டுபிடித்ததற்கு ஓர் அடையாளம். ஆனால் இதைக் கடையில் கேட்டு வாங்கிப் போடவே கூடாது. ஆசிய இனத்தவர் சிலருக்கு இருக்கும் ஒரு மரபணுக் கூறால் தோல் உரிந்துபோகும் கடுமையான ஒவ்வாமை வரலாம். அதற்கான ரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே செய்ய முடியும். உடம்பில் தடிப்போ, வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ரத்தத்தில் சோடியம் குறையலாம், தலைசுற்றலாம். அம்மா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள். தொடங்கிய முதல் வாரங்களில் இரவு கழிப்பறைக்குப் போகும்போது யாராவது கூடப் போவது நல்லது.

மாத்திரை கேட்காமல் போனாலோ, ஒத்துக்கொள்ளாமல் போனாலோ அறுவை சிகிச்சை உண்டு. காதுக்குப் பின்னால் சிறு துளையிட்டு, நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவே டெஃப்லான் பஞ்சு வைத்துப் பிரிப்பது இருப்பதில் நீடித்த பலன் தரும் முறை. இதை மூளை நரம்பியல் அறுவை நிபுணர் செய்வார். அதற்கு உடல்நிலை இடம் கொடுக்காதவர்களுக்குக் கன்னம் வழியாக ஊசி செலுத்தி நரம்பைச் சூடேற்றுவது, கதிர்வீச்சு என்று வேறு வழிகள் உள்ளன. தாடையில் நரம்புக் கிளையையே வெட்டிவிடும் சிகிச்சையை எங்கள் துறையில் செய்வதுண்டு. முகம் மரத்துப்போகும், நரம்பு வளர்ந்தால் வலியும் திரும்பும் என்பதால் நான் அதைக் கடைசியாகத்தான் வைத்திருக்கிறேன்.

வேறு சில அறிகுறிகளையும் கவனியுங்கள். முகம் மரத்துப்போவது, காது மந்தமாவது, இரு பக்கமும் வலிப்பது இவற்றில் எது இருந்தாலும் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். மெல்லும்போது தாடை சோர்ந்து, நெற்றிப்பொட்டில் வலித்து, பார்வை மங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், கண் போய்விடும். மாடி ஏறினால் தாடை வலித்து, உட்கார்ந்தால் நிற்கிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எப்போது வந்தது, எத்தனை நொடி, என்ன செய்தபோது, அம்மா என்ன சொல் சொன்னார். பழைய எக்ஸ்ரேக்களோடு அதையும் எடுத்துக்கொண்டு ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் வாய் மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான்.

அதுவரை வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான பிரஷ், குழைந்த ரசம் சாதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிராம்பு எண்ணெயை வைத்து ஈறைப் புண்ணாக்கிவிடாதீர்கள். வலிக்குப் பயந்து அவர் சாப்பாட்டைக் குறைக்கிறாரா, பேச்சைக் குறைக்கிறாரா என்றும் பாருங்கள். எடுத்த இரண்டு பற்களுக்குப் பதில் செயற்கைப் பல் கட்ட இப்போது அவசரம் வேண்டாம். பல் செட் உரசும் இடமே வலியைத் தூண்டும் இடமாக இருக்கலாம். வலி அடங்கிச் சில மாதம் போகட்டும், பிறகு அளவெடுக்கலாம்.